‘ச்சை’ன்னா அங்க மனசு: லாவோ வகுப்பு பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்குப் பதில் சொல்றப்ப, “ஞாயித்துக்கிழமை மதியம் நான் லாவோ கிளாஸ்ல இருப்பேன், போன் எடுக்க மாட்டேன்”னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கேள்விங்க இருக்கே, சாம்பார் பொடிக்கும் வீசாவுக்கும் கூட இவ்வளவு வந்ததில்ல. அதனால இந்த மாசம் முழுக்க அதுதான், வீசாக்காரங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: லாவோன்னா எந்த ஊர் பாஷை? அமெரிக்காவுல மின்னசோட்டால உக்காந்துக்கிட்டு அதைக் கத்து என்ன பண்ணப் போறீங்க?
(வாசகர், திருச்சி)

பதில்: லாவோஸ் நாட்டு பாஷை. தாய்லாந்து, வியட்நாம், சீனா, கம்போடியா, மியான்மர்னு அஞ்சு நாட்டுக்கு நடுவுல கடற்கரையே இல்லாத நாடு, மேகாங் ஆறுதான் அவங்களுக்கு எல்லாமே. ஜனத்தொகை 75 லட்சம் பக்கம் இருக்கும். கத்து என்ன பண்ணப் போறேன்னா, பக்கத்து வீட்டுப் பாட்டியோட பேசப் போறேன், அவ்வளவுதான் சார்.

1975ல அங்க ராஜா ஆட்சி போய் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தப்ப லட்சக்கணக்குல ஜனங்க மேகாங்கைத் தாண்டி தாய்லாந்து கேம்ப்ல போய் விழுந்தாங்க, அங்கேருந்து அமெரிக்கா, பிரான்ஸ், கனடா, ஆஸ்திரேலியான்னு சிதறினாங்க, அப்படி வந்த குடும்பம்தான் எங்க பக்கத்து வீடு. நான் குடிவந்த முதல் பனிக்காலத்துலேருந்து அந்தப் பாட்டி மாசம் ரெண்டு தடவையாவது சின்ன மூங்கில் கூடைல ஒட்டுச்சோறு கொண்டு வந்து குடுப்பாங்க, நான் தேங்க்யூன்னு சொல்லுவேன், அவங்க சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. நாலு வருஷம் இப்படியே ஓடுச்சு. ஒரு நாள் பேத்தி கூட வந்தா, பாட்டி அவகிட்ட ஏதோ சொன்னாங்க, அவ என்கிட்ட திரும்பி, “உங்க அம்மா உயிரோட இருக்காங்களான்னு பாட்டி கேக்குறாங்க”ன்னா. நாலு வருஷமா அந்த ஒரு கேள்விய மனசுல வச்சுக்கிட்டே சோறு குடுத்திருக்காங்க மனுஷி. அடுத்த வாரமே பேத்தி போற கிளாஸ்ல நானும் போய் சேந்துட்டேன்.

கிளாஸ் நடக்கிறது ஒரு லாவோ புத்த கோயிலோட பேஸ்மென்ட்ல. பிக்குங்க உச்சிவேளைக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சுடணும்ங்கிறது விதி, அதனால பதினோரு மணிக்கு அவங்களுக்கு சாப்பாடு வச்சு, அப்புறம் ஊரே உக்காந்து சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, அப்புறம்தான் வொயிட்போர்டு வெளிய வரும். ஃபீஸ் கிடையாது. வாசல்ல பனி ஒட்டின பூட்ஸ் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், திரும்பிப் போறப்ப உங்க ஜோடி கிடைச்சா அது உங்க அதிர்ஷ்டம்.

கேள்வி: இன்டர்நெட்ல அந்த எழுத்தைப் பாத்தேன், ஜாங்கிரி பிழிஞ்ச மாதிரி இருக்கு. இதை எப்படி வயசான காலத்துல படிக்கிறது?
(வாசகி, விருதுநகர்)

பதில்: அம்மா, உங்களுக்கு அதுல பாதி ஏற்கெனவே தெரியும். சும்மா சொல்லல. முதல் நாள் டீச்சர் சுவத்துல சார்ட்டைத் தொங்க விட்டு வரிசையா படிச்சாங்க. கோ, அப்புறம் காத்தோட ஒரு க்கோ, கடைசியில ஙோ. அடுத்து ச்சோ, ஸோ, ஞோ. அடுத்து டோ, தோ, நோ. அடுத்து போ, ஃபோ, மோ. கடைசியில யோ, லோ, வோ. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. க-ங, ச-ஞ, த-ந, ப-ம, ய-ல-வ, நம்ம அரிச்சுவடி ரூட்லயே வண்டி போகுது! தொண்டைல ஆரம்பிச்சு உதட்டுக்கு வந்து சேர்ற அதே வரிசை.

காரணம் இருக்கு. காஞ்சிபுரத்துல பல்லவர் காலத்துல எழுதின எழுத்து கப்பலேறி கம்போடியா பக்கம் போய் கெமர் எழுத்தாச்சு, அந்த வழில வந்ததுதான் தாய் எழுத்தும் லாவோ எழுத்தும். அவங்களும் பனை ஓலைல எழுத்தாணியால கீறித்தான் எழுதினாங்க, கோயில்ல பழைய ஓலைச்சுவடி கட்டு வச்சிருப்பாங்க, பாத்தா நம்ம தாத்தா பரண்ல இருந்ததை எடுத்துட்டு வந்துட்டாங்களோன்னு இருக்கும்.

இன்னொண்ணு, நம்ம கொம்பு. கெ, கே, கை எழுதுறப்ப சத்தம் பின்னாடி வந்தாலும் கொம்பை முன்னாடி போடுறோம் இல்லையா, இங்கிலீஷ்காரனுக்கு இதைப் புரிய வைக்கிறதுக்குள்ள உசிரு போயிடும். லாவோலயும் ஏ, ஓ, ஐ எல்லாம் எழுத்துக்கு முன்னாடிதான் நிக்கும். சோறுங்கிறதுக்கு ‘காவ்’னு ஒரு வார்த்தை, அதை எழுதினா முன்னாடி ஒரு கொம்பு, தலைமேல ஒரு வளைவு, பின்னாடி ஒரு கால், நடுவுல எழுத்து. நம்ம ‘கொ’ மாதிரியே சுத்தி வளைச்சுக்கிட்டு நிக்கும். கிளாஸ்ல என் கூட சேந்த ஒரு அமெரிக்க மாப்பிள்ளை (லாவோ பொண்ணைக் கட்டினவர்) இதுக்கு ஒரு மாசம் தடுமாறினார், நான் ஒரே நாள்ல தாண்டிட்டேன். டீச்சர் என்னைப் பெரிய புத்திசாலின்னு நினைச்சாங்க, நான் மறுக்கல.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பொருள் பேரு ஒட்டியிருக்கும், அ-அம்மா மாதிரி. முதல் எழுத்துக்குக் கோழி, ரெண்டாவது எழுத்துக்கு முட்டை. கோழி முதல்லயா முட்டை முதல்லயாங்கிற வழக்கு லாவோ சார்ட்ல எப்பவோ தீர்ந்துபோச்சு.

கஷ்டம் எங்கன்னா, வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடம் விட மாட்டாங்க. ஒரு வாக்கியம் முழுக்க ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கிட்டே போகும், எங்க வெட்டணும்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். ஆனா நம்ம பழைய சுவடியும் அப்படித்தானே இருந்துச்சு.

கேள்வி: ஒரே வார்த்தைய ஏத்தி இறக்கி சொன்னா அர்த்தம் மாறுமாமே, நிஜமா? நமக்கு அது வருமா?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: நிஜம். லாவோஸ் தலைநகர் வியன்டியான் பேச்சுல ஆறு டோன், சிலர் அஞ்சுன்னு எண்ணுவாங்க, லுவாங் பிரபாங்னு இன்னொரு ஊருக்குப் போனா வேற மெட்டு.

என் மானம் போன கதைய சொல்றேன், புரிஞ்சுடும். ‘கை’ன்னு ஒரு சத்தம். நம்ம கை மாதிரியே. சமமா, நடுவாந்தரமா இழுத்தா கோழி. மேலேருந்து சரிஞ்சு விழுற மாதிரி சொன்னா ‘பக்கம்’. குரலை அடியில வச்சு சொன்னா ‘தூரம்’. பக்கமும் தூரமும் ஒரே சத்தம், மெட்டு மட்டும் வேற, எந்த மகராசன் இப்படி வச்சான்னு தெரியல. ஏப்ரல் மாசம் லாவோ வருஷப் பிறப்பு, நம்ம சித்திரை ஒண்ணு வர்ற அதே சமயத்துலதான் அவங்களுக்கும் வரும். அன்னைக்குக் கோயில்ல ஒரு பெரியவர் என்கிட்ட உங்க வீடு பக்கமா தூரமான்னு கேட்டார். எனக்குக் கேள்வி புரிஞ்ச சந்தோஷத்துல நெஞ்சை நிமித்திக்கிட்டு ‘யூ கை’ன்னேன். சுத்தி இருந்த ஆறேழு பேரும் தட்டைக் கீழ வச்சுட்டு சிரிக்கிறாங்க. என் வீடு கோழில இருக்குன்னு சொல்லியிருக்கேன்.

நமக்கு டோனே இல்லைன்னு நினைக்காதீங்க. ‘ம்’ங்கிற ஒரே எழுத்தை வச்சு நாம சரி, என்ன?, ஓஹோ அப்படியா, போதும் நிறுத்து, எல்லாம் சொல்றோம். தொண்டைக்கு அந்த வேலை தெரியும். என்ன, நாம அதை உணர்ச்சிக்கு செலவு பண்றோம், அவங்க வார்த்தைக்கு செலவு பண்றாங்க. புதுசா கத்துக்கிறவன் செய்ற முதல் தப்பு, கேள்வி கேக்குறப்ப பழக்க தோஷத்துல கடைசி வார்த்தைய மேல தூக்கிடுவான், அதோட அந்த வார்த்தை வேற வார்த்தையா மாறிடும். கேள்விக்கு அவங்க கடைசில ஒரு ‘போ’ சேப்பாங்க, அதுவே போதும், குரலைத் தூக்க வேண்டியதில்ல.

கேள்வி: லாவோ மொழியும் தமிழ்லேருந்து பிறந்ததுதானே? தைரியமா எழுதுங்க.
(வாசகர், மதுரை)

பதில்: இல்லைங்க. எழுத்து உறவு, மொழி வேற குடும்பம். தைரியமாத்தான் எழுதியிருக்கேன்.

கேள்வி: எழுத்தெல்லாம் வேண்டாம், பேச மட்டும் வந்தா போதும். தமிழ்லயே எழுதி வச்சு மனப்பாடம் பண்ணலாமா?
(வாசகி, பெங்களூரு)

பதில்: பண்ணாதீங்க. இதுல மட்டும் நான் பிடிவாதக்காரன்.

முதல் ரெண்டு மாசம் நானும் அதைத்தான் செஞ்சேன், கோடு போட்ட நோட்டுல அழகா தமிழ்ல எழுதி வச்சேன். மீனுக்கு ‘பா’. பெரியம்மாவுக்கு ‘பா’. பைத்தியத்துக்கும் ‘பா’. மீனுக்கும் பெரியம்மாவுக்கும் மெட்டு வேற, அது நோட்டுல இல்ல. பெரியம்மாவுக்கும் பைத்தியத்துக்கும் மெட்டு கூட ஒண்ணுதான், ஒண்ணு உதட்டை இறுக்கி சொல்ற ப, இன்னொண்ணு ‘பஸ்’ல வர்ற ப, நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே ப. கிளாஸ்ல சமையல் பாத்துக்கிற அறுபது வயசு அம்மாவைப் பாத்து, மரியாதையா பெரியம்மான்னு கூப்பிடறேன்னு நினைச்சுக்கிட்டு, நோட்டைப் பாத்து பஸ் ப-வைப் போட்டுட்டேன். அந்தம்மா கரண்டியோட திரும்பிப் பாத்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது. ‘பஸ்’க்கும் ‘பணம்’க்கும் ஒரே எழுத்து எழுதினாலும் நாம தடுமாறாம படிச்சுடறோம், ஏன்னா அது நம்ம பாஷை. அடுத்தவன் பாஷைக்கு அந்த எழுத்து தாங்காது.

காத்தடிச்சு சொல்ற க்க, த்த, ப்ப தமிழ்ல தனியா இல்ல, அதுவும் நோட்டுல விழாது. இங்கிலீஷ்ல எழுதினா வேற தொல்லை, ஆளுக்கு ஒரு ஸ்பெல்லிங்.

எல்லாத்துக்கும் மேல, லாவோ எழுத்துலயே மெட்டு ஒளிஞ்சிருக்கு. ‘ஸ’வுக்கு ரெண்டு எழுத்து உண்டு, ஒண்ணு புலி ஸ, ஒண்ணு யானை ஸ. ரெண்டும் வாய்ல ஒரே சத்தம்தான், அப்புறம் எதுக்கு ரெண்டுன்னு கேட்டா, புலி ஸ வந்தா குரல் கீழேருந்து ஏறணும், யானை ஸ வந்தா எடுக்கிறதே மேல எடுக்கணும். ‘ஸோங்’ புலில எழுதினா ரெண்டு. யானைல எழுதினா கவர், லெட்டர் போடுற கவர். கவர் ரெண்டு வேணும்னா ‘ஸோங் ஸோங்’, முதல் ஸோங் புலி, ரெண்டாவது யானை. தமிழ்ல எழுதினா ஏதோ மணி அடிக்கிற மாதிரி இருக்கும், எழுத்து தெரிஞ்சவனுக்கு அது பாட்டு நோட்ஸ். மெட்டுக்குன்னு எழுத்து மேல போடுற குறிகள் நாலு, ஆனா தினப்படி புழக்கத்துல ரெண்டுதான். பேரு ஏக், தோ, தீ, ச்சத்தவான்னு போகும், ஏகம் துவி திரி சதுர்னு நம்ம ஐயர் சொல்ற அதே கணக்கு.

கேள்வி: நான் கனடால வாரக்கடைசி தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளையளுக்கு விளங்குது, ஆனா வாயைத் திறந்தா இங்கிலீஷ். உங்கட லாவோ ஆக்கள் இதை எப்படிச் சமாளிக்கினம்?
(ஆசிரியை, டொரொன்டோ)

பதில்: டீச்சர், அங்கயும் இதே கதைதான். உப்பு எடுத்துட்டு வாடான்னு பாட்டி லாவோல சொன்னா பையன் ஓடிப்போய் எடுத்துட்டு வருவான், ஆனா “இந்தாங்க”ன்னு சொல்றது இங்கிலீஷ்ல.

நான் பாத்த வரைக்கும் கம்யூனிட்டி கிளாஸோட சிக்கலே இதுதான், ஒரே மேஜைல நேரெதிரா ரெண்டு விதமான மாணவன் உக்காந்திருப்பான். ஒருத்தன் இங்க அமெரிக்காவுல பிறந்து வளந்த லாவோ வீட்டுப் பிள்ளை, காது நிறைய லாவோ, கண்ணுக்கு ஒரு எழுத்து தெரியாது, வாயைத் திறக்க வெக்கம். இன்னொருத்தன் என்னை மாதிரி வெளியாள், எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டான், காது மந்தம், வெக்கமோ அறவே கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒரே பாடம் நடத்தினா ரெண்டு பேரும் கெட்டுப் போவாங்க. லாவோஸ்லேருந்து வர்ற ஒண்ணாம் கிளாஸ் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத்தான் ஆரம்பிச்சாங்க, அதுல எருமை, வயல், ஓடம்னு இருக்கும். மின்னசோட்டா பையன் எருமையை எங்க பாத்தான், அவன் பாத்தது பனி தள்ளுற வண்டி. அதோட அந்தப் புத்தகம் ஏற்கெனவே வீட்ல லாவோ பேசற குழந்தைக்குன்னு எழுதினது. லாவோஸ்லயே பாதிக்குக் கொஞ்சம் மேலதான் லாவோ இனம், க்மூ, மோங்னு எத்தனையோ மக்கள் ஸ்கூலுக்குப் போய்தான் லாவோ கத்துக்கிறாங்க, அவங்களுக்கும் அந்தப் புத்தகம் கஷ்டம்தான்னு எங்க கிளாஸுக்கு வர்ற ஒரு மோங் அக்கா சொல்லுவாங்க.

எங்க டீச்சர் பாக்ஸே ஊர்ல ஒரு காலத்துல எலிமென்டரி ஸ்கூல்ல இருந்தவங்க, எழுபது தாண்டியாச்சு. அவங்க ஒரு நாள் கடுப்பாகி என்ன பண்ணாங்கன்னா, என்னையும் ஒரு ஒன்பது வயசு பையனையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சு ஒரு லாவோ நியூஸ் பேப்பரைக் கையில குடுத்தாங்க. நான் எழுத்துக்கூட்டி சத்தமா படிக்கணும், அவன் அர்த்தம் சொல்லணும். நான் என்ன படிக்கிறேன்னு எனக்கே தெரியாது, கடம் உருட்டற மாதிரி உருட்டிக்கிட்டே போறேன், அவன் கன்னத்துல கை வச்சுக்கிட்டு, “ஸ்டாப், அது நாய் இல்ல, வர்றது”ன்னு நிறுத்துவான். ‘மா’தான், வாங்கிறதும் நாய்ங்கிறதும் குதிரைங்கிறதும். நான் தப்பா பாடினா அவனுக்குக் காதுல உறுத்துது, திருத்தணும்னா அவனே வாயைத் திறந்து சொல்லிக் காட்டியாகணும். இங்கிலீஷ்ல சொல்ல முடியாதே! மூணு மாசத்துல அவனுக்கு எழுத்து ஒட்டிக்கிச்சு, ஏன்னா நான் விரலை வச்சுப் படிக்கிறதை அவன் பாத்துக்கிட்டே இருந்தான். வெக்கம் எங்க போச்சுன்னு தெரியல, என்னை மாதிரி ஒரு மக்கு பக்கத்துல இருந்தா யாருக்குத்தான் வெக்கம் வரும்.

உங்க வகுப்புக்கும் தமிழ் தெரியாத பெரியவங்க யாராவது, மருமகனோ மருமகளோ, பக்கத்து வீட்டு ஆளோ, நாலு பேரை சேத்துப் பாருங்க. பிள்ளைங்க வாய் திறக்கிறதுக்கு அவங்களை விட முட்டாளா ஒரு பெரிய மனுஷன் எதிர்ல இருக்கணும்.

தாத்தா பாட்டி சிரிக்கிறதை நிறுத்தணும்ங்கிறது அடுத்தது. குழந்தை தப்பா சொல்றப்ப ஆசையாத்தான் சிரிக்கிறாங்க, ஆனா அதோட அது ஒரு வருஷத்துக்கு வாயை மூடிக்கும். எங்க டீச்சர் இதுக்கு ஒரு விதி போட்டாங்க, சிரிச்சவங்க பாத்திரம் கழுவணும். அதுக்கப்புறம் பேஸ்மென்ட்ல ஒரே அமைதி.

பரீட்சை கிடையாது. வருஷப் பிறப்புக்கு மேடைல நாலு வரி பேசணும், அப்புறம் பெரியவங்க பாஸீன்னு ஒரு சடங்கு பண்ணி மணிக்கட்டுல வெள்ளை நூல் கட்டுவாங்க, அதுதான் சர்ட்டிஃபிகேட்.

கேள்வி: எங்க ஊர்ல ‘லை’ பழைய யானைத் தும்பிக்கை மாதிரி எழுதுறதா, புதுசா எழுதுறதான்னு எங்க அப்பாவும் நானும் இன்னும் சண்டை போடறோம். லாவோ கிளாஸ்ல இந்த மாதிரி சண்டை உண்டா?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்டான்னு கேட்டீங்களே, கிளாஸே ரெண்டா உடையப் பாத்துச்சு. நமக்கு 1978ல அரசாணை போட்டு லை, னை எல்லாம் மாத்தினாங்க, அதுல அரசியல் சாயம் கொஞ்சம்தான். அவங்களுக்கு எழுத்தே அரசியல்.

1930கள்ல மஹா ஸிலா வீரவோங்னு ஒரு பண்டிதர், புத்த மத நூல்கள் இருக்கிற பாலி மொழி வார்த்தைங்களை ஒழுங்கா எழுதணும்னா லாவோவுக்குக் கூடுதல் எழுத்து வேணும்னார். கம்யூனிஸ்ட் பக்கம் எதிர்த் திசைல போச்சு, பூமி வோங்விச்சித்ங்கிற தலைவர் 1967ல ஒரு இலக்கணம் போட்டு, வாய்ல எப்படி வருதோ அப்படியே எழுது, வாய்ல இல்லாத எழுத்து எதுக்குன்னு ‘ர’வையே தூக்கிட்டாங்க. லாவோ பேச்சுல ர கிடையாது, ல ஆயிடும் இல்ல ஹ ஆயிடும். 1975க்கு அப்புறம் ஸ்கூல் புத்தகம் எல்லாம் அப்படி ஆச்சு. அப்புறம் வெளிநாட்டுப் பேரெல்லாம் எழுத முடியாம ர மெதுவா திரும்பி வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே கிளம்பி வந்தவங்க கையில பழைய ஸ்பெல்லிங் அப்படியே உறைஞ்சுபோச்சு. லுவாங் பிரபாங்னு ஒரு ஊர் பேரு, யுனெஸ்கோ 1995ல பாரம்பரிய நகரம்னு அறிவிச்ச ஊரு. புது முறைல அதை ர இல்லாம ‘பபாங்’ மாதிரி எழுதணும். ஒரு பெரியவர் போர்டுகிட்ட எழுந்து போய் டீச்சர் எழுதினதுக்கு நடுவுல ஒரு ர-வை சொருகிட்டு வந்து உக்காந்தார். டீச்சர் அழிச்சாங்க. அவர் திரும்பப் போய் போட்டார். யாரும் ஒரு வார்த்தை பேசல. எங்களுக்கு அது ஒரு எழுத்து, அவருக்கு அது விட்டுட்டு வந்த வீடு, கதவுல மூணு தலை யானை போட்ட ராஜா காலத்துக் கொடியோட.

கடைசில டீச்சர் சொன்ன தீர்ப்பு: படிக்க ரெண்டும் படி, எழுத புதுசு எழுது, ஊர் பேரு மட்டும் அந்தந்த ஊர்க்காரங்க சொல்றபடி. அவர் பிறந்தது லுவாங் பிரபாங். அதனால ர ஜெயிச்சுது.

கேள்வி: தாய்லாந்துல மூணு வருஷம் இருந்தேன், தாய் பேசுவேன். லாவோ தனியா கத்துக்கணுமா?
(வாசகர், சென்னை)

பதில்: பாதிக் கிணறு தாண்டியிருக்கீங்க. தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள தூரத்தை விடக் கிட்ட. தாய்ல ‘ச்சாங்’னா யானை, லாவோல ‘ஸாங்’. அங்க ‘ராக்’னா காதல், இங்க ‘ஹாக்’. இல்லைங்கிறதுக்கு அங்க ‘மை’, இங்க ‘போ’. லாவோஸ் ஜனங்க தாய் டிவி பாத்தே வளர்றவங்க, நீங்க தாய்ல பேசினா அவங்களுக்குப் புரியும், அவங்க பேசறதுதான் உங்களுக்குப் புரியாது. இன்னொரு கூத்து, லாவோ பேசறவங்க லாவோஸை விட தாய்லாந்தோட வடகிழக்கு இஸான் பகுதிலதான் அதிகம், ஆனா அங்க எழுதுறது தாய் எழுத்துல. லாவோக்காரங்க முன்னாடி “இது தாய் மாதிரியே இருக்கே”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சோறு கிடைக்காது.

கேள்வி: கணவருக்கு வியன்டியான்ல ரெண்டு வருஷ வேலை. கிளம்ப இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. அவசரத்துக்கு என்ன கத்துக்கிட்டுப் போகலாம்?
(வாசகி, ஹைதராபாத்)

பதில்: எழுத்து முதல்லன்னு மேல நான் கத்தினதெல்லாம் உங்களுக்கு இல்ல, ஒரு மாசத்துல காது பழகினா போதும்.

‘ஸபாய்டீ’ வணக்கம். ‘போ பென் ஞங்’னா பரவால்ல, அங்க பாதி நாள் இதுலயே ஓடிடும். ‘கின் காவ் லேவ் போ’ன்னா சாப்டாச்சா. வீட்டுக்கு வர்றவங்களைப் பாத்து நாம கேக்குற அதே கேள்வி, அதே தொனி.

‘ச்சை’ன்னு ஒரு வார்த்தைய பிடிச்சுக்கோங்க. நம்ம ஊர்ல ச்சைன்னா அருவருப்பு, அங்க ச்சைன்னா மனசு. நன்றிக்கு ‘கோப் ச்சை’. ‘டீ ச்சை’, நல்ல மனசுன்னா சந்தோஷம். அதையே திருப்பிப் போட்டு ‘ச்சை டீ’ன்னா தங்கமான ஆளு. ‘தொக் ச்சை’, மனசு விழுந்துச்சுன்னா திடுக்கிட்டுப் போச்சு. ‘ச்சை ஹோன்’, மனசு சூடுன்னா அவசரக்காரன். ‘காவ் ச்சை’ன்னா மனசுக்குள்ள நுழையுது, அதாவது புரியுது. நமக்கு மண்டைல ஏறணும், அவங்களுக்கு மனசுல நுழையணும். ‘போ காவ் ச்சை’ புரியலைங்கிறதை முதல் நாளே நல்லா சொல்லப் பழகிடுங்க, அதிகம் உதவறது அதுதான்.

பேர் சொல்லிக் கூப்பிடறதை விட உறவு சொல்லிக் கூப்பிடுங்க. சின்னவங்க ‘நோங்’. அண்ணன் ‘ஆய்’, இதை சின்னக் குழந்தைங்க இருக்கிற தமிழ் வீட்டுல பிராக்டிஸ் பண்ண வேண்டாம். அப்பா அம்மாவை விட மூத்த ஆம்பளை ‘லுங்’, பொம்பளைக்கு அந்தப் ‘பா’, உதட்டை இறுக்குங்க. இதுல ஒரு விசேஷம், மூத்தவங்கன்னா அப்பா வழி அம்மா வழி ரெண்டுக்கும் ஒரே பேரு, இளையவங்கன்னா மட்டும் அம்மா வழிக்கு ‘நா’, அப்பா வழில தம்பிக்கு ‘ஆவ்’, தங்கச்சிக்கு ‘ஆ’ன்னு பிரியும். மாமா வேற சித்தப்பா வேறன்னு வளந்த நமக்கு இது ரெண்டு நாள்ல பிடிபடும், கூட வர்ற வெள்ளைக்காரங்களுக்கு ரெண்டு வருஷம் ஆகும்.

கேள்வி: சரளமா பேச எவ்வளவு நாள் ஆகும்? கிளாஸ் இல்லாத ஊர்ல என்ன வழி?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: அமெரிக்க அரசாங்கம் அவங்க தூதரக ஆட்களுக்கு மொழி சொல்லிக் குடுக்கிறதுக்கு ஒரு கணக்கு வச்சிருக்கு. அதுல லாவோவும் தமிழும் ஒரே பெஞ்சு, சுமார் 44 வாரம், 1100 மணி நேரம். எங்க கிளாஸ் வாரம் ஒண்ணரை மணி நேரம், அதுல அரை மணி பூட்ஸ் தேடறது. கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. அந்த அமெரிக்க அரசாங்கப் பாடமே 1970கள்ல ஆடியோவோட வந்தது, இலவசமா கிடைக்குது, பேச்சு கொஞ்சம் பழைய காலத்து ரேடியோ மாதிரி இருக்கும், காதுக்கு நல்லது. லீவும் காசும் இருந்தா விஸ்கான்சின் யுனிவர்சிட்டில தென்கிழக்காசிய மொழிகளுக்குன்னு கோடைல எட்டு வார கோர்ஸ் நடக்குது, அதுல லாவோவும் உண்டு.

கேள்வி: இப்ப அந்தப் பாட்டியோட பேசறீங்களா இல்லையா? அதைச் சொல்லுங்க முதல்ல. அப்புறம் அந்த எழுத்து சார்ட் ஒரு காப்பி கிடைக்குமா?
(வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பேசறேன். எங்கம்மா உயிரோட இருக்காங்க, தஞ்சாவூருக்குப் பக்கத்துலதான் இருக்காங்க, முட்டி வலின்னு வரைக்கும் சொல்லிட்டேன். அதுக்கு அவங்க ஏதோ கஷாயம் சொன்னாங்க, அது இன்னும் காவ் ச்சை ஆகல, பேத்தி ஊர்லேருந்து வரட்டும்னு இருக்கேன்.

சார்ட் ரெண்டு தாள், எழுத்து ஒண்ணு, கொம்பு கால் எல்லாம் ஒண்ணு. பத்திரிகை ஆபீஸ் அட்ரஸுக்கு ஸ்டாம்ப் ஒட்டின கவர் அனுப்புங்க, ஒரே கவர்ல அடங்காது. எத்தனை கவர்னு லாவோல ஒரு தடவை சொல்லிப் பாத்துட்டுப் போடுங்க. முதல்ல புலி.